காட்டுப்பள்ளியில் பிறந்த கப்பலுக்கு மராட்டியப் பெயரா?

அன்புள்ள ஆசிரியருக்கு,

ஐ.என்.எஸ். அர்ணாலா என்ற நீர்மூழ்கி எதிர்ப்புக் கப்பல் எங்கள் காட்டுப்பள்ளியில் கட்டப்பட்டது. எங்கள் பகுதிப் பிள்ளைகள் சிலர் அங்கே வெல்டர்களாக வேலை செய்கிறார்கள். உழைப்பு நம்முடையது, பெயரோ மகாராஷ்டிரக் கோட்டையுடையது. ஒரு தமிழ்ப் பெயர்கூடவா கிடைக்கவில்லை?

- ஒரு வாசகர், மீஞ்சூர்

அன்புள்ள நண்பருக்கு,

பிறந்த ஊரைப் பார்த்துக் கடற்படை பெயர் வைப்பதில்லை. 2016இல் கடற்படையில் சேர்ந்த ஐ.என்.எஸ். சென்னை, மும்பை மசகான் கப்பல் தளத்தில் கட்டப்பட்டது. ஐ.என்.எஸ். கொல்கத்தாவும் ஐ.என்.எஸ். விசாகப்பட்டினமும் அங்கே கட்டப்பட்டவைதான். மும்பைக்காரர்கள் இதே கேள்வியைக் கேட்டிருந்தால் நாம் சிரித்திருக்க மாட்டோமா?

அர்ணாலா என்பது வசாய்க்கு வடக்கே ஒரு தீவில் இருக்கும் கோட்டை. ஆனால் கப்பலுக்கு அந்தப் பெயர் கோட்டையிலிருந்து நேராக வந்துவிடவில்லை. சோவியத் நாட்டில் கட்டி 1972இல் நம் கடற்படைக்கு வந்த ஒரு நீர்மூழ்கி எதிர்ப்புக் கப்பலின் பெயரும் அர்ணாலாதான். 1999இல் அது ஓய்வு பெற்றது. அதே வேலைக்கு வந்த புதிய கப்பலுக்கு அதே பெயரைச் சூட்டியிருக்கிறார்கள். பாட்டன் பெயரைப் பேரனுக்கு வைக்கும் நம் வீட்டு வழக்கம்தான்.

பழைய வகையில் ஐந்து கப்பல்கள் இருந்தன: அர்ணாலா, ஆந்த்ரோத், அஞ்சதீப், அந்தமான், அமினி. புதிய வரிசையில் நான்கு பெயர்கள் திரும்பியிருக்கின்றன, அந்தமான் இல்லை. அந்தக் கப்பல் 1990 ஆகஸ்டில் வங்கக் கடலில் மூழ்கியது. மாலுமிகள் சிலர் அதோடு போனார்கள். பெயர்ப் பட்டியலை வாசிக்கும்போது என் கண் அந்த இடைவெளியில்தான் நிற்கிறது.

கட்டியவர்களைப் பற்றி நீங்கள் சொல்வது வேறு விஷயம். அதில் பெருமைப்பட நிறையவே இருக்கிறது. 2019இல் இவ்வகைக் கப்பல்கள் பதினாறுக்கு ஒப்பந்தமானது. கொச்சித் தளத்துக்கு எட்டு, கொல்கத்தாவின் கார்டன் ரீச் தளத்துக்கு எட்டு. கார்டன் ரீச் தன் பங்கில் நான்கை எல் அண்ட் டியின் காட்டுப்பள்ளித் தளத்திடம் கொடுத்தது. அர்ணாலா 2022 டிசம்பரில் அங்கே நீரில் இறங்கியது. 2025 ஜூன் 18இல் விசாகப்பட்டினத்தில் கடற்படையில் சேர்ந்தது. நீளம் 77 மீட்டர் சொச்சம், எடை ஏறத்தாழ 1,490 டன்.

இதன் அடிப்பகுதியைக் கவனிக்க வேண்டும். வழக்கமான கப்பலில் பின்புறம் நீருக்குள் கப்பலைத் தள்ளும் சுழலி தொங்கிக்கொண்டிருக்கும். இதில் அது கிடையாது. டீசல் எஞ்சின்களின் விசையில் பம்புகள் அடியிலிருக்கும் துளை வழியே கடல்நீரை உறிஞ்சிப் பின்னால் வேகமாகப் பீய்ச்ச, கப்பல் முன்னே பாய்கிறது. பெரிய போர்க்கப்பல்கள் அணுகத் தயங்கும் ஆழம் குறைந்த கரையோரத்திலும் இது நுழைந்து திரும்பலாம். நீர்மூழ்கி பதுங்கக்கூடிய இடமும் அதுதானே. ஒலியைக் கொண்டு நீர்மூழ்கியைத் தேடும் சோனார் கருவிக்குக் கரையோரம் தொல்லை பிடித்த இடம். அலை, படகுகளின் இரைச்சல், அடித்தரையில் பட்டுத் திரும்பும் எதிரொலி எல்லாம் கலந்து காதை அடைக்கும். அங்கே வேட்டையாடுவதற்கென்றே செய்யப்பட்ட கப்பல் இது. உங்கள் ஊர் வெல்டர் தாராளமாக மார்தட்டிக்கொள்ளலாம்.

தமிழ்ப் பெயர்கள் கடற்படையில் இல்லாமலும் இல்லை. விஜயநாராயணத்தில் கட்டபொம்மன், உச்சிப்புளியில் பருந்து, அரக்கோணத்தில் ராஜாளி. என்ன, மூன்றும் தரையில் நிற்கும் தளங்கள்!

மனு எழுதுவதாக இருந்தால் அர்ணாலாவை விட்டுவிடுங்கள், ஐ.என்.எஸ். கடலூருக்காக எழுதுங்கள். கடல் கண்ணிகளை அகற்றும் அந்தச் சோவியத் கப்பல் 2018இல் ஓய்வு பெற்றது. அவ்வகையில் புதிய கப்பல்கள் வேண்டும் என்ற பேச்சு பல ஆண்டுகளாக நடக்கிறது. அவை வரும்போது ஒன்றுக்குக் கடலூர் என்று பெயர் வைக்கச் சொல்லுங்கள், நானும் கையெழுத்துப் போடுகிறேன்.