பன்னிரண்டாவது சான்றிதழ் வேண்டாம்

அன்புள்ள டாக்டர்,

உங்கள் மருத்துவக் கட்டுரைகளைத் தொடர்ந்து வாசிக்கிறேன். நானும் பொதுமருத்துவம் படித்தவள்தான். 2016 தொடக்கத்தில் வேலையை விட்டேன். முதலில் குழந்தை, பிறகு அப்பாவின் பக்கவாதம், அதன் பிறகு விட்டது விட்டதாகவே போய்விட்டது. இப்போது பையன் பள்ளிக்குப் போகிறான். அப்பா இல்லை. மறுபடி வேலைக்குத் திரும்ப நினைக்கிறேன்.

ஆறு மாதமாக ஆன்லைன் கோர்ஸ்களாகப் படித்துத் தள்ளுகிறேன். சர்க்கரைக்கு ஒன்று, இதயச் செயலிழப்புக்கு ஒன்று, ஈசிஜிக்கு ஒன்று என்று பதினோரு சான்றிதழ் சேர்ந்துவிட்டது. ஆனால் போன வாரம் பக்கத்து வீட்டுக்காரர் நெஞ்செரிச்சல் என்று வந்து நின்றபோது எனக்குக் கை நடுங்கியது. எல்லாம் மறந்துவிட்டது போலிருக்கிறது. இன்னும் என்ன படிக்க வேண்டும்? பயிற்சியையே முதலிலிருந்து தொடங்க வேண்டுமா? எனக்குப் பின்னால் படித்து வந்தவர்களிடம் போய்ச் சந்தேகம் கேட்டு நிற்பதை நினைத்தால் கூச்சமாக இருக்கிறது. ஒரு காப்பீட்டு நிறுவனத்தில் மேசை வேலை இருக்கிறதாம். பேசாமல் அதற்கே போய்விடலாமா என்றும் தோன்றுகிறது.

ச.

அன்புள்ள ச.,

பதினொன்று போதும். பன்னிரண்டாவதற்குப் பணம் கட்டாதீர்கள்.

கை நடுங்கியதற்கு மறதிதான் காரணம் என்று நீங்களே தீர்ப்பு எழுதிவிட்டீர்கள். நோயாளி சொன்ன முதல் வார்த்தையை வைத்தே நோய்க்குப் பெயர் வைக்கிற அவசரம் இது. கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். நெஞ்செரிச்சல் என்று வந்தவரைப் பார்த்து உங்களுக்கு ஏன் நடுங்க வேண்டும்? இது இதயமாக இருக்குமோ என்று தோன்றியதால்தானே? மருத்துவம் மறந்தவருக்கு அப்படித் தோன்றாது. தனியாக, ஈசிஜி இல்லாமல், பக்கத்தில் கேட்க ஆளில்லாமல் நின்றதால் நடுங்கியது. தினமும் வார்டில் நிற்கும் எனக்கே அந்த நிலையில் நடுங்கும்.

நீண்ட இடைவெளியில் உண்மையாகவே சில விஷயங்கள் மறந்துபோகும். மருந்தின் டோஸ், அரிதான நோயின் பெயர், எந்தப் பரிசோதனைக்கு எந்தக் குழாய் என்பது போன்றவை. இவற்றால் பெரிய ஆபத்தில்லை. மறந்தது தெரிந்தால் புத்தகத்தைத் திறப்பீர்கள். எனக்குப் பயம் வேறொரு வகையைப் பற்றித்தான்: நீங்கள் மறக்காமல் அப்படியே வைத்திருக்கிற, ஆனால் நீங்கள் இல்லாத நேரத்தில் மாறிப்போன விஷயங்கள். அவற்றை நீங்கள் தேடிப் பார்க்க மாட்டீர்கள். சந்தேகமே வராது. கை தானாகப் போகும்.

மாரடைப்பு நோயாளிக்கு ஆக்சிஜன் மாஸ்க் வைப்பது நம் தலைமுறைக்கு அனிச்சைச் செயல். 2017இல் ஸ்வீடனில் ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட நோயாளிகளிடம் நடந்த ஆய்வில், ரத்தத்தில் ஆக்சிஜன் அளவு 90 சதவீதமோ அதற்கு மேலோ இருப்பவர்களுக்கு அதனால் உயிர்பிழைப்பில் எந்தப் பயனும் இல்லை என்று தெரிந்தது. இதய நோயே இல்லாத முதியவருக்கு 'முன்னெச்சரிக்கையாக' ஆஸ்பிரின் எழுதும் பழக்கம் 2018இல் வெளியான மூன்று பெரிய ஆய்வுகளுக்குப் பிறகு ஆட்டம் கண்டுவிட்டது. கிடைக்கிற பலனுக்கு ரத்தக்கசிவு ஆபத்து ஈடாகிவிடுகிறது. ஆஸ்துமாவுக்கு, மூச்சுக்குழாயை விரிக்கும் சால்பியூட்டமால் இன்ஹேலரை மட்டும் கொடுத்து அனுப்பும் வழக்கத்தை 2019இல் சர்வதேச ஆஸ்துமா வழிகாட்டி நெறிமுறையே கைவிட்டது. கூடவே ஸ்டீராய்டு இன்ஹேலரும் வேண்டும். 2018இலிருந்து, பெரிய ரத்தக்குழாய் அடைத்த பக்கவாத நோயாளிகளில் தேர்ந்தெடுத்த சிலருக்கு, நோய் தொடங்கி 24 மணி நேரம் வரைகூட, ரத்தக்குழாய்க்குள் மெல்லிய குழாயைச் செலுத்தி அடைப்பை எடுக்கலாம் என்று ஆனது. உங்கள் அப்பாவின் நோய் இது. எழுதத் தயங்கினேன். ஆனால் 'நேரம் தாண்டிவிட்டது' என்று நீங்கள் ஒருவரைத் திருப்பி அனுப்பிவிடக் கூடாது. சர்க்கரைக்கென்று வந்த எஸ்ஜிஎல்டி-2 மருந்துகள் சர்க்கரையே இல்லாத இதயச் செயலிழப்பு நோயாளிக்கும் உதவும் என்பது 2019இல் தெரியவந்தது. இது உங்கள் கோர்ஸில் வந்திருக்கும்.

ஆகவே ஒரு நோட்டை எடுங்கள். நீங்கள் கடைசியாக அடிக்கடி பார்த்த இருபது நோய்களை எழுதுங்கள். ஒவ்வொன்றின் கீழும், புத்தகத்தைப் பார்க்காமல், இன்று ஒரு நோயாளி வந்தால் என்ன செய்வீர்கள் என்பதை டோஸ் உட்பட எழுதுங்கள். அதன் பிறகு இன்றைய கைடுலைனைப் பக்கத்தில் வைத்துச் சிவப்பு மையில் திருத்துங்கள். எங்கே நிச்சயமாக எழுதித் தவறினீர்களோ அந்த இடம்தான் உங்கள் பாடத்திட்டம். அதை எந்த கோர்ஸும் உங்களுக்காகத் தயாரித்துத் தராது.

இதெல்லாம் வேலையை விட்டவர்களுக்கு மட்டும் வரும் வியாதி என்று நினைத்துவிட வேண்டாம். 2005இல் அன்னல்ஸ் ஆஃப் இன்டர்னல் மெடிசின் இதழில் 62 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். அவற்றில் பாதிக்கும் மேற்பட்டவற்றில், தொழிலில் இருந்த வருடங்கள் கூடக்கூட மருத்துவரின் தரம் குறைவதாகவே தெரிந்தது. இதயத்தை அழுத்தி உயிர்ப்பிக்கும் திறமையோ பயிற்சி முடிந்து மூன்று முதல் ஆறு மாதத்துக்குள்ளேயே, வேலையில் இருப்பவர்களுக்கும், மங்கத் தொடங்கிவிடும். (அந்தச் சான்றிதழ் பெரும்பாலும் இரண்டு வருடத்துக்குத்தான் செல்லும். உங்கள் பதினொன்றில் அதுவும் ஒன்று என்றால் அவசரப்பட்டுவிட்டீர்கள். வார்டில் கால் வைப்பதற்கு முந்தைய மாதம் எடுக்க வேண்டியது அது.)

இனி பயிற்சி. முதலிலிருந்து தொடங்க வேண்டியதில்லை. ஆனால் எவ்வளவு வேண்டும் என்பது நீங்கள் பதிவு செய்யப்போகும் நாட்டைப் பொறுத்தது. எங்கே என்று நீங்கள் எழுதவில்லை. ஆஸ்திரேலியாவில் கணக்கு துல்லியமானது. ஒரு வருடத்தில் 152 மணி நேரமாவது, அல்லது மூன்று வருடங்களில் 456 மணி நேரமாவது வேலை செய்திருக்க வேண்டும். மூன்று வருடத்துக்கு மேல் இடைவெளி என்றால் எப்படித் திரும்பப்போகிறீர்கள் என்று எழுத்தில் ஒரு திட்டம் கொடுத்து, மருத்துவ வாரியத்தின் ஒப்புதல் பெற வேண்டும். பிரிட்டனில் பதிவு வேறு, தொழில் செய்யும் லைசென்ஸ் வேறு. 2012 டிசம்பரிலிருந்து அந்த லைசென்ஸைத் தக்கவைக்க, வழக்கமாக ஐந்து வருடத்துக்கு ஒருமுறை மறுசரிபார்ப்பு உண்டு. அங்கே மூன்று மாத இடைவெளிக்கே முறையான திட்டம் போட்டுத் திரும்பச் சொல்கிறார்கள். குடும்ப மருத்துவர்களுக்கு, இரண்டு வருடம் விலகியிருந்தால், மேற்பார்வையோடும் உதவித்தொகையோடும் திரும்பி வர அரசே திட்டம் வைத்திருக்கிறது. நான் பார்த்ததில் மனிதத்தன்மை உள்ள ஏற்பாடு அதுதான். அமெரிக்காவில் மாநிலத்துக்கு மாநிலம் விதி மாறும். பல மாநிலங்களில் இரண்டு வருடம்தான் எல்லை. டென்வரில் சி-பெப், சான் டியாகோவில் கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் பேஸ் போன்ற அமைப்புகள் உங்களை முதலில் சோதித்துப் பார்க்கும். நோயாளிகளாக நடிப்பவர்களை வைத்தும், கேஸ்களைப் பற்றி நேருக்கு நேர் கேட்டும் பார்த்த பிறகு, இன்னின்ன இடத்தில் குறை என்று எழுதித் தருவார்கள். பெரும்பாலும் செலவு உங்களுடையது. அங்கே இன்னொரு சிக்கலும் உண்டு: சமீபத்தில் வேலை செய்யாதவருக்கு லைசென்ஸ் கிடைப்பது கடினம், லைசென்ஸ் இல்லாதவர் வேலை செய்ய முடியாது. சில மாநிலங்கள் இதற்காகவே மேற்பார்வையின் கீழ் மட்டும் செல்லும் தற்காலிக லைசென்ஸ் தருகின்றன.

எந்த நாடாக இருந்தாலும், பணம் கட்டுவதற்கு முன்னால் உரிமம் தரும் அமைப்புக்கு ஒரு கடிதம் எழுதி, எழுத்தில் பதில் வாங்கிக்கொள்ளுங்கள். கோர்ஸ் விற்பவர் சொல்லும் 'அங்கீகாரம்' உரிமம் தருபவர் கேட்கும் அங்கீகாரமாக இருக்க வேண்டிய அவசியமில்லை.

இந்த ஏற்பாடுகள் எல்லாவற்றிலும் பொதுவாக ஓர் அம்சம் இருப்பதைக் கவனித்திருப்பீர்கள். நீங்கள் நோயாளியைப் பார்ப்பதை இன்னொருவர் பார்க்கிறார். திரை முன்னால் உட்கார்ந்து எடுக்கிற எந்தச் சான்றிதழிலும் அது கிடையாது. ஆகவே உங்கள் தேடல் கோர்ஸுக்காக இருக்க வேண்டாம், ஆளுக்காக இருக்கட்டும். உங்களோடு முன்பு வேலை செய்த, இன்னும் புறநோயாளி பிரிவில் உட்காருகிற, தப்பைத் தப்பு என்று முகத்துக்கு நேரே சொல்லக்கூடிய ஒருவர். முதல் சில வாரம் அவர் பார்ப்பதை நீங்கள் பாருங்கள். உரிமம் கைக்கு வந்தபின் நீங்கள் பாருங்கள், நோயாளி எழுந்து போவதற்கு முன் ஒவ்வொரு கேஸையும் அவரிடம் சொல்லுங்கள். பிறகு நாள் முடிவில் கேஸ் ஷீட்டுகளை மொத்தமாக. கடைசியில் வாரத்துக்குப் பத்து ஷீட் அவர் இஷ்டத்துக்கு உருவிப் பார்க்கட்டும். எல்லாவற்றையும் லாக் புக்கில் தேதியோடு எழுதி அவர் கையெழுத்தை வாங்கி வையுங்கள். நாளைக்கு வேலை தருபவர் சான்றிதழ்களைப் புரட்டுவதைவிட அந்த நோட்டைத்தான் அதிக நேரம் பார்ப்பார். நைட் டியூட்டியை எல்லாவற்றுக்கும் கடைசியில் வையுங்கள். முதுகுத்தண்டு நீர் எடுப்பது போன்ற செய்முறைகளில் எதை மறுபடி பழகுவீர்கள், எதை இனிமேல் செய்யவே மாட்டீர்கள் என்பதையும் இப்போதே முடிவு செய்துவிடுங்கள். செய்ய மாட்டேன் என்று சொல்வது குறையில்லை, அரைகுறையாகச் செய்வதுதான் குறை.

கூச்சம் பற்றிக் கேட்டீர்கள். முதுகு அறுவை சிகிச்சைக்குப் பிறகு நான் பதினாறு மாதம் வீட்டில் இருந்தேன். திரும்பிய முதல் நாள் காலை முழுவதும் மருத்துவம் எதுவும் செய்யவில்லை. மருத்துவமனையில் புதிதாகக் கணினிப் பதிவு வந்திருந்தது. பாஸ்வேர்டு போடவும், மருந்தைத் தேடவும், தேடிய மருந்தைத் தவறான நோயாளியின் பெயரில் சேர்த்துவிடாமல் இருக்கவும் ஒரு இளம் நர்ஸ் எனக்குக் கற்றுக்கொடுத்தார். அன்று மதியம் ஒரு ஜூனியரிடம் டோஸ் கேட்டேன். அவர் ஏற இறங்கப் பார்க்கவில்லை, ஏளனமும் செய்யவில்லை. போனை எடுத்து, அவரும் தேடிப் பார்த்துத்தான் சொன்னார். எனக்குக் கூச்சம் வந்தது வேறொரு இடத்தில். அதற்கு முன் ஒரு நேர்காணலில், 'இத்தனை நாள் சும்மாவா இருந்தீர்கள்?' என்று கேட்டார்கள். உங்களையும் கேட்பார்கள். பக்கவாதம் வந்தவரை வருடக்கணக்காக வீட்டில் வைத்துப் பார்த்தவர் நீங்கள். விழுங்குவது, படுக்கைப்புண், மருந்து அட்டவணை, இரவு மூச்சு எல்லாம் உங்கள் பொறுப்பில் இருந்தது. சும்மா இருந்தீர்களா என்ற கேள்விக்கு இதைவிட நல்ல பதில் எந்த டாக்டரிடம் இருக்கும்?

மேசை வேலையைப் பொறுத்தவரை, அந்த வேலையின் மேல் ஆசை இருந்தால் தாராளமாகப் போங்கள், அதுவும் மருத்துவம்தான். ஆனால் பயத்தில் அங்கே ஒதுங்கினால் இடைவெளி ஒன்பதிலிருந்து பத்தாகும், பதினொன்றாகும். பல நாடுகளின் உரிம அமைப்புகள் அதை நேரடியாக நோயாளியைப் பார்த்த காலமாகக் கணக்கில் எடுப்பதில்லை.

நோட்டு முடிந்ததும் எனக்கு ஒரு வரி எழுதுங்கள். எந்த வேலைக்குத் திரும்ப விரும்புகிறீர்கள், புறநோயாளி பிரிவா, வார்டா, ஐசியூவா என்பதையும் சேர்த்து எழுதுங்கள். உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்துவிட்டேன், அது மட்டும் எங்கேயும் இல்லை.