ஆசிரியர் இந்தப் புயலில் இருந்தார்

கேள்வி: ஆங்கில ஓவியர் டர்னர் வரைந்த 'பனிப்புயல்' ஓவியத்தை லண்டன் டேட் பிரிட்டன் கலைக்கூடத்தில் பார்த்தேன். கப்பலைக் கண்டுபிடிக்கவே நேரம் பிடித்தது; மீதியெல்லாம் சோப்பு நுரை. இதற்காகப் புயலில் நான்கு மணி நேரம் பாய்மரத்தில் கட்டுண்டு நின்றார் என்கிறார்களே, நம்பலாமா? – வாசகர் ஒருவர், கோயம்புத்தூர்

பதில்: 'சோப்பு நுரை' தங்கள் சொந்தக் கண்டுபிடிப்பு என்று நினைத்திருந்தால் ஏமாற்றத்துக்கு வருந்துகிறேன். 1842இல் ராயல் அகாதெமி கண்காட்சியில் இந்தப் படம் வைக்கப்பட்டபோதே, 'சோப்பு நுரையும் வெள்ளையடிக்கும் சுண்ணாம்பும்' என்று ஒரு விமர்சகர் முந்திக்கொண்டுவிட்டார். அன்று கலை எழுத்தாளர் ரஸ்கினின் தந்தை வீட்டுக்கு விருந்துக்கு வந்திருந்த டர்னர், கணப்பருகே உட்கார்ந்து அந்தச் சொற்களையே திரும்பத் திரும்ப முணுமுணுத்ததாக ரஸ்கின் எழுதியிருக்கிறார். கடல் எப்படி இருக்கும் என்று இவர்கள் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள், அதற்குள் இருந்து பார்த்திருக்க வேண்டும் என்பதே கிழவரின் ஆதங்கம். 'அத்தீனியம்' இதழோ, முன்பெல்லாம் பாலேடு, சாக்லேட், முட்டை மஞ்சள் கரு என்று ஒவ்வொன்றாக எடுத்து வரைந்தவர் இப்போது சமையலறையையே மொத்தமாகக் கவிழ்த்துவிட்டார் என்ற பொருள்பட எழுதியது. நாவலைப் படித்துவிட்டு 'உப்புச் சப்பில்லை' என்று மதிப்புரை அனுப்பும் நம் நண்பர்களுக்கு இப்படியொரு பரம்பரை இருப்பது தெரியாது.

நுரையைப் பற்றிப் பேச டர்னருக்கு இருந்த தகுதி அந்த விமர்சகருக்கு இருந்ததா என்பது வேறு விஷயம். டர்னரின் தந்தை லண்டனின் கோவன்ட் கார்டன் பகுதியில் முடிதிருத்தும் கடை வைத்திருந்தவர். பையன் வரைந்த படங்களைக் கடையிலேயே மாட்டி, சில ஷில்லிங்குகளுக்கு விற்றவர். சவர நுரைக்கும் கடல் நுரைக்கும் உள்ள வித்தியாசத்தை அந்த வீட்டுப் பிள்ளைக்குப் பிறர் சொல்லித்தர வேண்டியதில்லை. தவிர, படத்தில் இருக்கும் கப்பலின் பெயர் 'ஏரியல்'. சலவைத் தூள் பிறப்பதற்கு நூறாண்டுக்கும் மேல் முன்பு வைத்த பெயர்தான் என்றாலும், இந்தத் தற்செயலை ரசிக்காமல் கடந்து போக என்னால் முடியவில்லை.

கப்பலின் பெயர் உங்கள் கேள்வியில் இல்லை, ஏனென்றால் தலைப்பை வெட்டிவிட்டீர்கள். நீளமான தலைப்பைக் கண்டாலே கத்தரிக்கோலைத் தேடும் எங்கள் பக்க வடிவமைப்பாளரோடு எனக்கு ஆண்டுக்கணக்காக வழக்கு நடக்கிறது. இன்று அதில் நீங்களும் எதிர்க்கட்சியில் சேர்ந்துவிட்டீர்கள். முழுத் தலைப்பு இது: 'பனிப்புயல் – துறைமுக வாயிலுக்கு அப்பால், ஆழமில்லாத நீரில் சைகை காட்டிக்கொண்டும் ஈயக்குண்டால் ஆழம் பார்த்துக்கொண்டும் செல்லும் நீராவிக் கப்பல். ஏரியல் ஹார்விச்சிலிருந்து புறப்பட்ட இரவில் ஆசிரியர் இந்தப் புயலில் இருந்தார்.' ஓவியர் என்று எழுதவில்லை, எழுத்தாளரைக் குறிக்கும் 'ஆதர்' (Author) என்ற சொல்லால் ஆசிரியர் என்று எழுதினார் என்பதில் என்னைப் போன்றவர்களுக்கு ஒரு தனிப்பட்ட மகிழ்ச்சியும் உண்டு.

நீங்கள் வெட்டிய பகுதியில்தான் படமே இருக்கிறது. ஆழம் பார்ப்பது என்றால், கயிற்றின் நுனியில் கட்டிய ஈயக்குண்டைக் கடலில் இறக்கி அளப்பது. குண்டின் அடியில் உள்ள குழியில் கொழுப்பை அடைத்து வைப்பார்கள். கடலடியில் மணலா, சேறா, சிப்பியா என்பதை அதில் ஒட்டி வருவது சொல்லிவிடும். கயிற்றில் குறிப்பிட்ட தூரங்களில் தோல் துண்டும் துணித் துண்டும் முடிந்திருக்கும், கும்மிருட்டிலும் மாலுமி தடவிப் பார்த்தே எத்தனை பாகம் (ஒரு பாகம் ஆறடி) ஆழம் என்று கூவிச் சொல்வதற்காக. அதாவது, இது கண் தெரியாமல் கையால் தடவிக்கொண்டு போகிற கப்பல். கரையில் குடை பிடித்து நிற்பவனுக்குத் தெரியும் கப்பலை அல்ல, அதில் இருப்பவனுக்குத் தெரியாமல் போன உலகத்தையே டர்னர் வரைந்தார். நடுவிலே ஒரு கருமை, துடுப்புச் சக்கரம், அதற்கு மேல் வளைந்தாற்போல் ஒரு மரம், பின்னால் கண்ணைக் கூசவைக்கும் வெள்ளை. புகைபோக்கியின் புகை பனியோடு சேர்ந்து ஒரே சுழலாகத் திரும்புகிறது. கப்பலைத் தேடுவதற்கு நேரம் பிடித்தது என்கிறீர்களே, படம் தன் வேலையைச் செய்துவிட்டது என்று அர்த்தம்.

இனி நீங்கள் கேட்டதற்கு வருகிறேன். நம்பலாகாது. கண்காட்சியின்போது டர்னருக்கு வயது 67. ஹார்விச்சிலிருந்து அப்படியொரு 'ஏரியல்' புறப்பட்டதாகத் தேடியவர்களுக்குச் சான்று கிடைக்கவில்லை. பாய்மரத்தில் கட்டுண்ட கதை ஏற்கெனவே பிரெஞ்சு ஓவியர் ஜோசப் வெர்னேவின் பெயரில் உலவியது. அவருடைய பேரன் ஒராஸ் வெர்னே 1822இல் அதைப் படமாகவே வரைந்துவிட்டார். மேலும், ஒருவன் குண்டை இறக்க, இன்னொருவன் சைகை காட்ட, மற்றவர்கள் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்கும் கப்பலில், ஒரு முதியவரை மரத்தில் கட்டிவைக்க எந்த மாலுமிக்குக் கை ஓய்ந்திருக்கும்?

ஆனால் கட்டுண்ட கதையைச் சொன்னவர் டர்னரேதான், கேட்டவர் கிங்ஸ்லி என்ற பாதிரியார். தன் தாயாருக்கு இந்தப் படம் பிடித்திருந்ததைப் பாதிரியார் டர்னரிடம் சொன்னார். யாருக்கும் புரிவதற்காக நான் இதை வரையவில்லை, இதைப் பிடித்திருக்கிறது என்று சொல்ல யாருக்கும் உரிமையில்லை என்று டர்னர் எரிந்து விழுந்தார். என் தாயார் ஒருமுறை இதே மாதிரிப் புயலில் சிக்கியவர், படத்தைப் பார்த்ததும் அத்தனையும் திரும்ப வந்துவிட்டது என்றார் பாதிரியார். 'உங்கள் தாயார் ஓவியரா?' இல்லை என்று பதில் வந்தது. 'அப்படியானால் அந்த நேரத்தில் அவர் வேறு எதையாவது நினைத்துக்கொண்டிருந்திருக்க வேண்டும்' என்றார் டர்னர்.