'கே' ஸ்டாண்டுக்குக் காசு, மலைச்சரிவில் இடம்: டூர் நிறுவனத்திடம் பணத்தைத் திரும்ப வாங்க முடியுமா?

கேள்வி: நானும் என் மனைவியும் 2025 மே மாதம் மொனாக்கோ கிராண்ட் பிரீ கார் பந்தயம் பார்க்கப் போய்வந்தோம். இரண்டு பேருக்கும் சேர்த்து 6,80,000 ரூபாய் ஒரு டூர் நிறுவனத்தின் வங்கிக் கணக்கில் கட்டினோம். அவர்களுடைய விளம்பரத்திலும் வாட்ஸ்அப் செய்தியிலும் 'ஞாயிறு பந்தயம், துறைமுகத்தை ஒட்டிய கே கிராண்ட்ஸ்டாண்ட், இருக்கை உறுதி' என்று இருந்தது. கிளம்புவதற்கு மூன்று நாள் முன்பு வந்த டிக்கெட்டில் 'ரோஷே' என்று போட்டிருந்தது. கேட்டதற்கு, 'கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கோங்க சார், வியூ சூப்பரா இருக்கும்' என்று பதில் வந்தது. அங்கே போனால் இருக்கையே இல்லை. அரண்மனைக்குக் கீழே உள்ள சரிவில் வெயிலில் மணிக்கணக்காக நின்றோம். மொனாக்கோ ஹோட்டல் என்று நினைத்திருந்தோம், தங்கவைத்தது நீஸ் நகரத்தில். திரும்பி வந்து புகார் செய்தால், 'போட்டி அமைப்பாளர்கள் இருக்கையை மாற்றிவிட்டார்கள், விதிமுறைப்படி நாங்கள் பொறுப்பல்ல, வழக்கு என்றால் டெல்லியில்தான்' என்று மெயில் அனுப்பிவிட்டு, அடுத்த பயணத்துக்கு 50,000 ரூபாய் வவுச்சர் தருவதாகச் சொல்கிறார்கள். எங்களோடு வர இருந்த என் மச்சானுக்கு விசா கிடைக்கவில்லை. அவர் கட்டிய 3,40,000 ரூபாயில் ஒரு பைசாகூடத் திரும்பவில்லை. எங்கள் அக்கா மகன், 'போலீஸில் 420 போடுங்கள் மாமா' என்கிறான். நாங்கள் இருப்பது கோவையில். என்ன செய்யலாம்?

பதில்: உங்கள் வழக்கு நல்ல வழக்கு. மச்சானுடையது உங்களுடையதைவிடப் பலவீனமானது, ஆனால் தள்ளிவிடக்கூடியதும் அல்ல. இரண்டையும் ஒரே மனுவில் போட்டுக் குழப்பாதீர்கள். அவர் தனியாகப் பணம் கட்டிய தனி நுகர்வோர். அவருடைய விசா கதையை உங்கள் மனுவில் சேர்த்தால், எதிர்த்தரப்பு வழக்கறிஞர் அதைப் பற்றியே பேசி நேரத்தை ஓட்டிவிடுவார்.

முதலில் உங்கள் விஷயம். வெயில், நின்றது, ஏமாற்றம் எல்லாம் உண்மைதான். ஆனால் வழக்கு அதில் இல்லை. நிறுவனம் உங்களிடம் 'கே' என்று எழுதிக் கொடுத்து பணம் வாங்கியபோது, அதன் கையில் 'கே' டிக்கெட் இருந்ததா? வழக்கு முழுவதும் இந்த ஒரு கேள்வியில்தான் நிற்கிறது. ஆரம்பத்திலேயே ரோஷே டிக்கெட்டை வாங்கி வைத்துக்கொண்டு கே என்று விற்றிருந்தால், அது சேவைக் குறைபாடு மட்டுமல்ல. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-இன் பிரிவு 2(47) சொல்லும் நியாயமற்ற வணிக நடைமுறை. கே டிக்கெட் வாங்க முயன்று கிடைக்காமல் போயிருந்தால்கூட, அதை உங்களிடம் சொல்லி, விருப்பம் கேட்டு, வித்தியாசத் தொகையைத் திருப்பித் தந்திருக்க வேண்டும். 'அட்ஜஸ்ட் பண்ணிக்கோங்க' என்பது விருப்பம் கேட்பது ஆகாது.

அந்த வாட்ஸ்அப் பதிலை அவர்கள் சாதாரணமாக அனுப்பியிருப்பார்கள். உங்கள் கையில் இருப்பதிலேயே நல்ல ஆவணம் அதுதான். அமைப்பாளர்கள் மாற்றிவிட்டார்கள் என்ற வார்த்தை அதில் இல்லை, கவனித்தீர்களா? நீங்கள் ஊர் திரும்பிப் புகார் கொடுத்த பிறகுதான் அந்தக் காரணம் பிறக்கிறது. மனுவில் இரண்டு செய்திகளையும் தேதியோடு அடுத்தடுத்து வையுங்கள்.

அமைப்பாளர்கள் மாற்றுவது என்பது நடக்காத விஷயமல்ல. 2020-இல் கொரோனாவால் மொனாக்கோ பந்தயமே ரத்தானது. 2023-இல் லாஸ் வேகாஸ் தெருச் சுற்றில், சாலையில் பதித்திருந்த ஒரு மூடி பெயர்ந்து காரைச் சேதப்படுத்தி, முதல் பயிற்சி ஓட்டம் சில நிமிடங்களிலேயே நின்றது. இரண்டாவது ஓட்டம் நள்ளிரவு தாண்டித் தொடங்குவதற்கு முன்பே ரசிகர்களை வெளியேற்றிவிட்டார்கள். அது அங்கே நீதிமன்றம் வரை போனது. இப்படி ஏதாவது நடந்திருந்தால் டூர் நிறுவனம் அமைப்பாளரைக் கைகாட்டுவதில் ஓரளவு நியாயம் இருக்கும். ஆனால் 2025 மே 25 அன்று மொனாக்கோவில் பந்தயம் குறித்த நாளில் முழுதாக நடந்தது, லாண்டோ நோரிஸ் ஜெயித்தார். அப்படியிருக்க, உங்கள் இருக்கையை மாற்றியது யார், எப்போது, எந்தக் கடிதத்தில்? சொல்ல வேண்டியது அவர்கள் பொறுப்பு.

அதைச் சொல்லவைக்க வழி இருக்கிறது. ஆவணங்களைக் கொண்டுவரச் சொல்லி உத்தரவிடும் விஷயத்தில் நுகர்வோர் ஆணையத்துக்கு உரிமையியல் நீதிமன்றத்தின் அதிகாரம் உண்டு. எனவே மனுவோடு தனியாக ஒரு இடைமனு போடுங்கள்: உங்கள் இரண்டு டிக்கெட்டுகளையும் நிறுவனம் யாரிடம், எந்தத் தேதியில், என்ன விலைக்கு வாங்கியது என்பதற்கான பில்லைத் தாக்கல் செய்ய வேண்டும் என்று. பல வழக்குகள் இந்த இடத்தில்தான் சமரசத்துக்கு வரும். அந்தப் பில்லைக் காட்ட யாருக்கும் ஆசை இருக்காது. இன்னொன்று, பந்தயத்தை நடத்தும் மொனாக்கோ ஆட்டோமொபைல் கிளப்பின் டிக்கெட் பிரிவுக்கு ஒரு மெயில் போட்டு, அந்த ஆண்டு கே ஸ்டாண்டில் விற்ற இருக்கைகள் ஏதும் ரத்து செய்யப்பட்டனவா என்று கேளுங்கள். பதில் வந்தால் லாபம், வராவிட்டால் நஷ்டம் ஒன்றுமில்லை. கிளப்பின் மீது வழக்குப் போடும் எண்ணம் மட்டும் வேண்டாம். உங்களுக்கும் அவர்களுக்கும் ஒப்பந்தமே இல்லை.

உங்கள் டிக்கெட்டே ஒரு சாட்சி. கிராண்ட்ஸ்டாண்ட் டிக்கெட் என்றால் வரிசை எண்ணும் இருக்கை எண்ணும் இருக்கும். ரோஷே பொது அனுமதிப் பகுதி, அங்கே எண் கிடையாது. காலையிலேயே போய் இடம் பிடிப்பவருக்கு இடம். அதைப் பெரிதாக்கி அச்செடுத்து, 'இருக்கை உறுதி' என்ற விளம்பரத்துக்குப் பக்கத்தில் ஒட்டினால் போதும், நீங்கள் பத்து பக்கம் எழுத வேண்டியதில்லை. வாட்ஸ்அப் உரையாடலை அழிக்காதீர்கள், போனை மாற்றாதீர்கள். மின்னணு ஆவணங்களுக்கு பாரதிய சாக்ஷிய அதினியம் பிரிவு 63 கேட்கும் சான்றிதழையும் இணைத்துவிடுங்கள். சாட்சியச் சட்டத்தை ஆணையங்கள் அவ்வளவு கறாராகப் பிடிப்பதில்லை என்றாலும், எதிர்த்தரப்புக்கு ஏன் ஒரு வாய்ப்பைக் கொடுக்க வேண்டும்?

அவர்கள் தரப்பிலிருந்து ஒரு வாதம் கட்டாயம் வரும்: ரோஷேதான் நல்ல இடம், மேலிருந்து துறைமுகமும் கடைசி வளைவுகளும் ஒருசேரத் தெரியும், ரசிகர்கள் விரும்பிப் போகிறார்கள் என்று. அதை மறுக்கப் பார்க்காதீர்கள், ஓரளவு உண்மைதான். காரின் சத்தமும் வேகமும் பக்கத்திலிருந்து வேண்டும் என்று கேட்டவர் நீங்கள். எது சிறந்த இடம் என்று முடிவு செய்யும் உரிமை பணம் கட்டியவருக்குத்தான். விலையே அதைச் சொல்லும்: கே ஸ்டாண்ட் ஞாயிறு டிக்கெட், ரோஷே டிக்கெட்டைப் போல் பல மடங்கு. அந்த ஆண்டின் அதிகாரப்பூர்வ விலைப் பட்டியலை எடுத்து இணையுங்கள், தொகையைக் கணக்கிடவும் அதுவே அடிப்படை.

ஹோட்டல் விஷயத்தை விட்டுவிடலாம் என்பது என் கருத்து. 'நினைத்திருந்தோம்' என்றுதான் எழுதியிருக்கிறீர்கள், எழுத்தில் இருந்ததாகச் சொல்லவில்லை. சுமார் 2 சதுர கிலோமீட்டர் நாட்டில் பந்தய வாரத்தில் அறை கிடைப்பதே அபூர்வம். பெரும்பாலானவர்கள் நீஸில் தங்கி ரயிலில்தான் போய்வருகிறார்கள். விளம்பரத்தில் ஹோட்டலின் பெயரோ 'மொனாக்கோவிலேயே' என்ற சொல்லோ இருந்தால் மட்டும் சேருங்கள்.

எவ்வளவு கேட்பது? முழுத் தொகையையும் கேட்டு நிறைய பேர் வருகிறார்கள். விமானத்தில் போனீர்கள், ஹோட்டலில் தங்கினீர்கள், பந்தயத்தையும் பார்த்தீர்கள். 6,80,000 ரூபாயும் வேண்டும் என்றால், ஆணையத்தின் முன் உங்கள் நம்பகத்தன்மைதான் குறையும். இரண்டு டிக்கெட்டுகளின் விலை வித்தியாசம், பணம் கட்டிய நாளிலிருந்து 9 சதவீத வட்டி, மன உளைச்சலுக்கு நியாயமான ஒரு இழப்பீடு, வழக்குச் செலவு. இப்படிக் கேளுங்கள். பில்லில் டிசிஎஸ் (பணம் வாங்கும்போதே பிடிக்கும் வருமான வரி) என்று ஒரு தொகை பிடித்திருப்பார்கள். அது உங்கள் பான் எண்ணில் வரவாகியிருக்கிறதா என்று 26ஏஎஸ் படிவத்தில் பாருங்கள். அது வருமான வரிக் கணக்கில் கழித்துக்கொள்ள வேண்டிய பணம், இந்த வழக்கில் கேட்க வேண்டியதல்ல. பிடித்துவிட்டுக் கட்டாமல் இருந்தால் அது வேறு கதை, ஆடிட்டரிடம் போங்கள்.

டெல்லிக்கு நீங்கள் போக வேண்டியதில்லை. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் பிரிவு 34(2)(d)-இன்படி, புகார்தாரர் வசிக்கும் இடத்திலேயே மனு செய்யலாம். எனவே கோவை மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையமே போதும். தகராறு என்றால் நடுவர் மன்றத்துக்குத்தான் போக வேண்டும் என்று விதிமுறையில் எழுதியிருந்தாலும் பயப்பட வேண்டாம். அது நுகர்வோர் ஆணையத்துக்குத் தடையில்லை என்று எம்மார் எம்ஜிஎஃப் வழக்கில் 2018-இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஒரே ஒரு எச்சரிக்கை: விதிமுறையே நியாயமற்ற ஒப்பந்தம், அதை ரத்து செய்யுங்கள் என்று கேட்காதீர்கள். அந்தக் கோரிக்கைக்கு மாநில ஆணையத்துக்குத்தான் போக வேண்டும். சேவைக் குறைபாடு, நியாயமற்ற வணிக நடைமுறை, இந்த இரண்டோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

செலவு பெரிதில்லை. கட்டிய தொகை 5 லட்சத்துக்கு மேல் 10 லட்சம் வரை என்றால் மனுக் கட்டணம் 200 ரூபாய். மச்சானுக்கு 5 லட்சத்துக்குள், கட்டணமே இல்லை. மனுவை இணையத்திலேயே தாக்கல் செய்யலாம், வழக்கறிஞர் கட்டாயமில்லை. காலக்கெடு இரண்டு வருடம். பந்தய நாளிலிருந்து எண்ணி 2027 மே 24-க்குள் மனு உள்ளே போயிருக்க வேண்டும், கடைசி வாரம் வரை இழுக்காதீர்கள். அதற்கு முன் 15 நாள் அவகாசம் கொடுத்து நிறுவனத்தின் பதிவு அலுவலகத்துக்கு ஸ்பீடு போஸ்டில் ஒரு நோட்டீஸ். சட்டப்படி கட்டாயமில்லை, ஆனால் அந்த நோட்டீஸுக்கு அவர்கள் எழுதும் பதில் பிற்பாடு மாற்றிப் பேச முடியாதபடி கட்டிப்போடும். ஆணையத்தின் அறிவிப்பு கிடைத்த 30 நாளில், அதிகம் போனால் இன்னும் 15 நாளில் அவர்கள் பதில் மனு போட்டாக வேண்டும். மூன்று மாதத்தில் தீர்ப்பு என்று சட்டம் சொல்கிறது. நடைமுறையில் ஒரு வருடமாவது மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

இனி மச்சான். மொனாக்கோவுக்கு பிரெஞ்சுத் தூதரகம் வழியாகத்தான் விசா. கொடுப்பதும் மறுப்பதும் அவர்கள் முடிவு, டூர் நிறுவனம் உத்தரவாதம் தர முடியாது. விசாக் கட்டணமான 90 யூரோவும் விண்ணப்ப மையத்தின் சேவைக் கட்டணமும் போனது போனதுதான். ஆனால் மறுப்புக் கடிதத்தை எடுத்துப் பாருங்கள், அது ஒரு அச்சுப் படிவம், காரணங்கள் வரிசையாக இருக்கும், பொருந்துவதில் குறி போட்டிருப்பார்கள். 'நாடு திரும்பும் எண்ணத்தில் சந்தேகம்', 'போதிய பண வசதிக்கு ஆதாரம் இல்லை' என்பதில் குறி இருந்தால் அது அவர் தரப்புக் குறை. பயண நோக்கம் பற்றிய தகவல் நம்பகமாக இல்லை என்பதில் குறி இருந்து, ஹோட்டல் முன்பதிவுகளைக் கொடுத்தது நிறுவனம் என்றால், பந்து அவர்கள் பக்கம் வந்துவிடும்.

குறி எங்கே இருந்தாலும், மொத்தத் தொகையையும் விழுங்க முடியாது. ஒப்பந்தச் சட்டம் பிரிவு 74-இன்படி, நியாயமான இழப்பீடு மட்டுமே பிடித்தம் செய்யலாம். விமான டிக்கெட் ரத்தானால் வரிகளும் விமான நிலையக் கட்டணங்களும் திரும்பும், 'ரீஃபண்ட் இல்லை' என்ற டிக்கெட்டுக்கும் இது பொருந்தும். ஹோட்டல் அறையை ரத்து செய்தார்களா, அவருக்கான பந்தய டிக்கெட்டை வேறு யாருக்காவது விற்றார்களா? செலவு விவரத்தைப் பில்களோடு கேட்டு அவர் தனி நோட்டீஸ் அனுப்பட்டும். அவருடைய இரண்டு வருடம் உங்களுடையதற்கு முன்பே முடிந்துவிடும், அதனால் அவர் முந்திக்கொள்ள வேண்டும்.

அக்கா மகனிடம் சொல்லுங்கள்: 420 இப்போது இல்லை, 2024 ஜூலை முதல் அது பாரதிய நியாய சன்ஹிதாவில் பிரிவு 318. ஆரம்பத்திலிருந்தே ஏமாற்றும் எண்ணம் இருந்தது என்று காட்டினால்தான் அது நிற்கும். உங்கள் ஒருவருடைய டிக்கெட்டை வைத்துக்கொண்டு காவல் நிலையம் போனால், 'சிவில் மேட்டர்' என்று திருப்பி அனுப்பிவிடுவார்கள். அதே விளம்பரத்தை நம்பி கே ஸ்டாண்டுக்குக் கட்டி ரோஷேயில் நின்றவர்கள் இன்னும் நாலைந்து பேர் கிடைத்தால் மறுபடி எழுதுங்கள், அப்போது யோசிக்கலாம்.

அந்த 50,000 ரூபாய் வவுச்சர் மெயிலுக்கு இன்றைக்கே, ஏற்கவில்லை என்று ஒரு வரி பதில் போடுங்கள். அதை வாங்கும்போது 'இறுதித் தீர்வாக ஏற்கிறேன்' என்று கையெழுத்தோ ஒரு கிளிக்கோ கேட்பார்கள், கொடுத்துவிட்டால் மேலே சொன்ன எதுவும் மிஞ்சாது. பணமாகத் தருகிறோம் என்று வந்தால் பேசலாம். டிக்கெட் வித்தியாசத்துக்குக் கீழே இறங்காதீர்கள்.