மதுரையில் சரியாக வந்த சோப்பு கொடைக்கானலில் ஏன் சொதப்புகிறது?

கேள்வி: கொடைக்கானல் நாயுடுபுரத்தில் இருக்கிறேன். மதுரையில் ஒரு நாள் வகுப்பில் சோப்பும் மெழுகுவர்த்தியும் செய்யக் கற்றேன். அங்கே நன்றாக வந்தது. வீட்டில் அதே அளவில் செய்தால் சோப்பின் மேல் வெள்ளைப் பொடி படிகிறது. ஒரு முறை எண்ணெய் தனியாகப் பிரிந்து நின்றது. கண்ணாடி டம்ளரில் ஊற்றிய சோயா மெழுகுவர்த்தி நடுவில் மட்டும் குழி விழுந்து அணைந்துவிடுகிறது. வேறு வகுப்பில் சேரட்டுமா? ஏப்ரல் சீசனுக்குள் எங்கள் விடுதியில் தங்குபவர்களுக்கு விற்க ஆசை.

பதில்: வேறு வகுப்பு வேண்டாம். அந்தப் பணத்தில் ஒரு கிராம் வரை துல்லியமாகக் காட்டும் தராசும் ஒரு வெப்பமானியும் வாங்குங்கள். உங்களுக்குச் சொல்லிக்கொடுத்த அளவுகளில் தப்பு இருப்பதாகத் தெரியவில்லை. அவை மதுரைச் சூட்டுக்கு எழுதிய அளவுகள், அவ்வளவுதான். உங்கள் வீட்டுக்கான அளவை நீங்கள்தான் செய்து பார்த்துக் கண்டுபிடிக்க வேண்டும்.

சோப்பில் எண்ணெய் பிரிந்ததை முதலில் பார்ப்போம். தேங்காய் எண்ணெய் சுமார் 24, 25 டிகிரிக்குக் கீழே உறைந்துவிடும். கொடைக்கானலில் பாட்டிலை அடுப்புப் பக்கம் வைத்து இளக்கித்தான் தலைக்கே தேய்க்கிறோம். மதுரையில் அது தானாகவே உருகி இருக்கும். எண்ணெயைச் சூடாக்குவது பற்றி அங்கே யாரும் பெரிதாகச் சொல்லியிருக்க மாட்டார்கள். பாதி இளகிய எண்ணெயில் காஸ்டிக் சோடா கரைசலை ஊற்றிக் கலக்கினால், குளிரில் எண்ணெய் உறையத் தொடங்கி கலவை கெட்டியாகும். பார்க்க தோசை மாவுப் பதம் மாதிரியே இருக்கும். சோப்பு சேர்ந்துவிட்டது என்று நினைத்து அச்சில் ஊற்றிவிடுவோம். உண்மையில் எண்ணெயும் காரமும் (அதாவது காஸ்டிக் சோடாவும்) இன்னும் சேரவே இல்லை. கொஞ்ச நேரத்தில் பிரிந்து நிற்கும். சந்தேகம் வந்தால் பாத்திரத்தை வெந்நீரில் ஐந்து நிமிடம் வைத்துக் கலக்குங்கள். பொய்ப் பதம் என்றால் நீர்த்துவிடும். நிஜப் பதம் என்றால் கெட்டியாகவே நிற்கும். எண்ணெய், கரைசல் இரண்டும் 38 முதல் 43 டிகிரிக்குள் இருக்கும்போது கலந்தால் இந்தத் தொல்லை பெரும்பாலும் வராது.

வெள்ளைப் பொடிக்கும் குளிருக்கும் தொடர்பு உண்டு. மேல்பரப்பில் இன்னும் எண்ணெயோடு சேராத காரம் காற்றில் உள்ள கரியமில வாயுவோடு சேர்ந்து சோடியம் கார்பனேட் ஆகிறது. அச்சு சீக்கிரம் ஆறிப்போனால் இது அதிகம் நடக்கும். ஊற்றியதும் அச்சை மூடி, தெர்மாகோல் பெட்டியில் வைத்து, மேலே ஒரு கம்பளியைப் போர்த்தி ஒரு நாள் விட்டுவிடுங்கள். அதையும் மீறிப் பொடி படிந்தால் ஈரத்துணியால் துடைத்தால் போதும், கெடுதல் ஒன்றும் இல்லை. ஆனால் சோப்பை வெட்டும்போது உள்ளேயே வெள்ளைக் கட்டிகளோ, நீர் கோத்த குழிகளோ தெரிந்தால் அது வேறு கதை. கரையாத காரமாக இருக்கலாம். அந்தத் தொகுதியை உடம்பில் போட வேண்டாம்.

இனி சோதனை. ஒரே ஓர் அடிப்படை அளவை வைத்துக்கொள்ளுங்கள்: தேங்காய் எண்ணெய் 350 கிராம், தவிட்டு எண்ணெய் 100 கிராம், விளக்கெண்ணெய் 50 கிராம், காஸ்டிக் சோடா 79 கிராம், தண்ணீர் 160 கிராம். இதில் சுமார் 5 சதவீத எண்ணெய் சோப்பாகாமல் மிச்சம் நிற்கும்படி கணக்குப் போட்டிருக்கிறது. அதுதான் தோலுக்குக் காப்பு. சோதனைதானே என்று 100 கிராம் எண்ணெயில் செய்யாதீர்கள். அதற்கு 16 கிராம் சோடாதான் வேண்டும். தராசு ஒரு கிராம் தப்பினால் 6 சதவீதம் கூடி, அந்தக் காப்பு முழுவதும் போய்விடும். எண்ணெயை மாற்றினால் சோடாவையும் மாற்றியாக வேண்டும். 100 கிராம் தேங்காய் எண்ணெய்க்கு 18.3 கிராம் சோடா தேவை, அதே எடை தவிட்டு எண்ணெய்க்குச் சுமார் 13 கிராம்தான். வீட்டில் இருந்த எண்ணெயை ஊற்றிச் சமாளித்தேன் என்பது சமையலில் நடக்கும், இங்கே நடக்காது.

ஒவ்வொரு தடவையும் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். இந்த வாரம் கலக்கும் சூடு, அடுத்த வாரம் போர்த்தும் நேரம், அப்புறம் வாசனை. மூன்றையும் ஒன்றாக மாற்றிவிட்டு நன்றாக வந்தாலும் எதனால் வந்தது என்று தெரியாது. நோட்டில் எடை, சூடு இவற்றோடு அறையின் வெப்பநிலையையும் எழுதுங்கள். கொடைக்கானலில் அது முக்கியம். பனிக்காலக் காலையும் மே மாத மதியமும் உங்கள் சமையலறைக்கு இரண்டு ஊர்.

வெப்பமானி சரியா என்று கொதிநீரில் பார்த்துவிட்டு, 93 காட்டுகிறதே, கோளாறு என்று தூக்கிப் போட்டுவிடாதீர்கள். இந்த உயரத்தில் தண்ணீர் ஏறக்குறைய அந்தச் சூட்டில்தான் கொதிக்கும். ஐஸ் கலந்த தண்ணீரில் பூஜ்யம் காட்டினால் போதும்.

காஸ்டிக் சோடா விஷயத்தில் மட்டும் சோதனை, அனுபவம் என்ற பேச்சே வேண்டாம். சோடாவைத்தான் தண்ணீரில் கொட்ட வேண்டும், தண்ணீரைச் சோடாவில் ஊற்றக் கூடாது. அலுமினியப் பாத்திரம் கூடாது, எவர்சில்வர் போதும். கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி, கைக்குக் கையுறை கட்டாயம். குளிருக்குப் பயந்து ஜன்னலைச் சாத்திக்கொண்டு கரைக்காதீர்கள், அந்த ஆவி தொண்டையைப் பிடிக்கும். மேலே பட்டால் குழாய்த் தண்ணீரில் பதினைந்து நிமிடமாவது கழுவுங்கள். வினிகர் தேட வேண்டாம். இன்னொன்று: நம் ஊர் மூடுபனியில் திறந்த பொட்டலம் ஈரத்தை இழுத்துக்கொள்ளும். பிறகு 79 கிராம் நிறுத்தாலும் அதில் ஒரு பங்கு தண்ணீராக இருக்கக்கூடும். வாங்கியதும் காற்றுப் புகாத டப்பாவில் போட்டு வையுங்கள்.

நாலு வாரத்தில் சோப்பு தயார் என்று சொல்லியிருப்பார்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் அந்தக் கணக்கை நம்பாதீர்கள். ஒரு கட்டியை வாரா வாரம் நிறுத்துப் பாருங்கள். எடை குறைவது நின்றால்தான் காய்ந்தது என்று அர்த்தம். ஆறு வாரமோ மேலோ ஆகலாம். கணப்பு எரியும் அறையில், தீக்குப் பக்கத்தில் வைக்காமல் சற்றுத் தள்ளி அடுக்குங்கள்.

வாசனைக்குக் கடைத்தெருத் தைலங்கள் எதைச் சேர்க்கலாம் என்றும் அடுத்துக் கேட்பீர்கள். யூகலிப்டஸ் சேர்க்கலாம், எண்ணெய் எடையில் 2 சதவீதம் போதும். விண்டர்கிரீன் தைலம் மட்டும் வேண்டாம். அதில் பெரும்பகுதி மெத்தில் சாலிசிலேட். காரத்தோடு சேர்ந்தால் அது உடைந்துபோகும். தோல் வழியாக அதிகம் ஏறினால் நஞ்சும்கூட.

மெழுகுவர்த்தி நடுவில் குழி விழுவதற்குக் காரணம் திரி. உங்கள் டம்ளரின் அகலத்துக்கும் அறையின் குளிருக்கும் அந்தத் திரி போதவில்லை. ஒரே டம்ளர், ஒரே மெழுகு, மூன்று தடிமனில் திரி என்று மூன்று செய்யுங்கள். வாசனை இப்போது வேண்டாம், அதுவும் எரிவதை மாற்றும். சோயா மெழுகை ஒரு வாரம் ஆறவிட்டு, திரியை அரை சென்டிமீட்டருக்கு வெட்டி ஏற்றுங்கள். ஏழு சென்டிமீட்டர் அகல டம்ளரில் சுமார் மூன்று மணி நேரத்தில் உருகிய மெழுகு விளிம்பைத் தொட வேண்டும். நாலு மணி நேரத்தில் அணைத்து, முழுக்க ஆறியபின் மறுபடி ஏற்றுங்கள். டம்ளர் தீரும்வரை இப்படியே எரித்துப் பார்த்தால்தான் அது சோதனை. பலர் முதல் தடவையோடு நிறுத்திவிடுகிறார்கள். டம்ளரின் அடிப்பாகத்தில்தான் கண்ணாடி ரொம்பச் சூடாகும். திரி நுனியில் கரிமொட்டு, புகை, துள்ளும் சுடர் தெரிந்தால் திரி பெரிது.

இங்கேதான் மலைக்காரர்கள் பலர் கோட்டை விடுகிறார்கள். உங்கள் 15 டிகிரி அறையில் விளிம்பு வரை அழகாக உருக்கும் திரி, மதுரையில் 35 டிகிரி வீட்டில் அளவுக்கு மீறி எரியும். உங்களிடம் வாங்குபவர் ஏற்றப்போவது அங்கேதான். அதனால் மூன்றில் தேறிய திரியையும் அதற்கு ஒரு படி மெல்லியதையும் கீழே இருக்கும் சொந்தக்காரர் யாரிடமாவது கொடுத்து, பக்கத்தில் ஆள் இருக்கும்போது எரித்துப் பார்க்கச் சொல்லுங்கள். இரண்டு ஊரிலும் பாதுகாப்பாக எரிவதுதான் விற்பனைக்கு. கொடைக்கானலில் கொஞ்சம் குழி விழுந்தாலும் பரவாயில்லை. டம்ளரில் ஊற்றும் சோயா மெழுகு பெரும்பாலும் 45 முதல் 50 டிகிரிக்குள் உருகிவிடும். வத்தலக்குண்டில் சாப்பிட இறங்கி காரை வெயிலில் நிறுத்தினாலே போதும், பைக்குள் ஆறாக ஓடும்.

அந்த விதத்தில் தேன்மெழுகு நல்லது, 62 டிகிரிக்கு மேல்தான் உருகும். பழனி மலையில் தேன் எடுக்கும் பளியர்களிடம் மலைத்தேன் அடையின் மெழுகு கிடைத்தால் வாங்கி, தண்ணீரோடு சேர்த்து உருக்கி ஆறவிட்டு, அடியில் ஒட்டும் கசடைச் சுரண்டிவிடுங்கள். கசடு போகாவிட்டால் திரி அடைக்கும். இதற்குச் சோயாவைவிடத் தடித்த திரி வேண்டும். சோதனையை முதலிலிருந்து தொடங்க வேண்டியதுதான். மெழுகை எப்போதும் வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் வைத்தே உருக்குங்கள். தீப்பிடித்தால் தண்ணீர் ஊற்றாமல் மூடியால் மூடி அடுப்பை அணையுங்கள்.

சீசனுக்கு எது? மெழுகுவர்த்தி. குளியல் சோப்பு செய்து விற்க அழகுசாதன விதிகள் 2020-இன் படி உரிமம் வேண்டும். வீட்டுச் சமையலறையில் செய்து விடுதியில் அடுக்குவது சரிவராது. சோப்பை இந்த வருடம் வீட்டுக்கும் உறவுக்கும் செய்து, அந்த நோட்டை நிரப்புங்கள். உரிமத்துக்குப் போகும்போது கையில் நிலையான ஓர் அளவு இருக்கும்.