ஊருணியைத் தூர்த்துவிட்டுத் தெரு நீரை எங்கே விடுவீர்கள்?

கேள்வி: எங்கள் தெருக்கோடி ஊருணி ஆண்டில் பெரும்பகுதி வறண்டு, குப்பைமேடாகக் கிடக்கிறது. பழைய வீடுகளைப் பார்க்க வருகிறவர்களின் கார்களோ தெருவை அடைத்துக்கொள்கின்றன. ஊருணியைத் தூர்த்து வாகன நிறுத்தம் கட்டினால் என்ன? பாரம்பரியம் என்பது வீடுகள்தானே?
- வாசகர் ஒருவர், காரைக்குடி

பதில்: கூடவே கூடாது. பாரம்பரியம் வீட்டு வாசலோடு முடிந்துவிடுகிறது என்ற நினைப்புதான் உங்கள் ஊருணியைக் குப்பைமேடாக்கியது.

செட்டிநாட்டில் வற்றாத ஆறு ஒன்றுகூட இல்லை. செம்மண்ணும் செம்புறாங்கல்லும் நிறைந்த வறண்ட பூமி. ஐப்பசியிலும் கார்த்திகையிலும் பெய்கிற மழையைப் பிடித்து வைத்தால்தான் கோடையைத் தாண்ட முடியும். தெருக்களும் வீடுகளும் அந்தக் கவலையோடுதான் அமைந்தன. கானாடுகாத்தானிலோ பள்ளத்தூரிலோ நடந்து பாருங்கள். நூல் பிடித்தாற்போல் நேரான தெருக்கள். முகப்பு ஒரு தெருவிலும் பின்வாசல் அடுத்த தெருவிலுமாக நீண்டு கிடக்கும் வீடுகள்.

மழை நாளில் அந்த வீட்டு முற்றத்தில் நின்றால் மற்றது விளங்கும். நான்கு பக்கத்து ஓட்டுக்கூரையும் உள்நோக்கிச் சரிகிறது. முதலில் விழும் நீர் ஓட்டுத் தூசியைக் கழுவிக்கொண்டு போகும். அதன் பிறகு வருவதை அண்டாவிலும் கிடாரத்திலும் குடிக்கப் பிடிப்பார்கள். மிச்ச நீர் முற்றத்து ஓரத்துத் துளையில் இறங்கி, தளத்துக்கு அடியிலேயே ஓடித் தெரு வாய்க்காலில் விழும். அங்கிருந்து வரத்துக்கால் வழியே ஊருணிக்குப் போகும். ஊருணிதான் ஒவ்வொரு வீட்டுக்கும் கடைசிக் கட்டு. அதை இடித்துவிட்டு முகப்பை மட்டும் காப்பாற்றுவேன் என்கிறீர்கள்!

2014-இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னங்களுக்கான உத்தேசப் பட்டியலில் செட்டிநாடு சேர்ந்தபோதும் தனித்தனி மாளிகைகளாகச் சேரவில்லை. தமிழ் வணிகர்களின் ஊர்த் தொகுதிகள் என்ற பெயரில்தான் சேர்ந்தது. ஊர் என்றால் தெரு, கோயில், ஊருணி எல்லாம்தான்.

வறண்டதற்கு மழையைக் குற்றம் சொல்லாதீர்கள். 1942-இல் ஜப்பானியப் படை பர்மாவுக்குள் புகுந்ததும் அங்கே கொண்டுவிற்ற, அதாவது வட்டிக்குப் பணம் கொடுத்துத் தொழில் செய்த, செட்டியார் குடும்பங்கள் பெரும் பணத்தை இழந்தன. வீடுகள் பூட்டப்பட்டன, பங்காளிகளுக்குள் பங்கு பிரிந்தன. சில வீடுகள் பிரிக்கப்பட்டு, அவற்றின் தூண்களும் கதவுகளும் உங்கள் ஊர் முனீஸ்வரன் கோயில் தெருக் கடைகளுக்கு வந்து சேர்ந்தன. அந்தக் கதவுகளுக்காக வருந்தாதவர் இல்லை. வரத்துக்காலைத் தூர்வாரும் கைகளும் அதே காலத்தில்தான் குறைந்தன. அதற்காக வருந்தியவர்களை எண்ணிவிடலாம். பிறகு பழைய சாலையைச் சுரண்டாமல் அதன் மேலேயே புதுச் சாலை போட்டார்கள். தெரு உயர்ந்தது, வீட்டு நீர் வெளியேறும் வாய் புதைந்தது. வாய்க்கால் மேல் படிக்கட்டும் கடையும் ஏறின. வரும் வழியையெல்லாம் அடைத்துவிட்டு, நீர் வரவில்லை, தூர்த்துவிடலாம் என்பது என்ன நியாயம்?

சட்டமும் உங்கள் பக்கம் இல்லை. பஞ்சாபில் ஊர்க் குளத்தைத் தூர்த்துக் கட்டியவர்களுக்கு எதிரான ஜக்பால் சிங் வழக்கில், 2011-இல் உச்ச நீதிமன்றம் ஆக்கிரமிப்பை அகற்றச் சொன்னது. பணம் வாங்கிக்கொண்டு அதை முறைப்படுத்தலாம் என்ற மாவட்ட ஆட்சியரின் முடிவையும் ஏற்கவில்லை. பொது இடங்களை மீட்க எல்லா மாநிலங்களுக்கும் உத்தரவிட்டது.

கார்கள் ஊர் எல்லையில் நிற்கட்டும். வீடுகளின் ஆத்தங்குடித் தரைக்கல்லைப் பார்க்க இவ்வளவு தூரம் வருகிறவர் இரண்டு தெரு நடக்க மாட்டாரா? நடந்தால்தான் தெருவும் கண்ணில் படும்.

1928-இல் நகராட்சியான காரைக்குடி 2024-இல் மாநகராட்சியாகியிருக்கிறது. அங்கே வாகன நிறுத்தம் கேட்டு மனு கொடுக்கும் எண்ணம் இருந்தால் அதைக் கிழித்துப் போடுங்கள். உங்கள் ஊருணியின் வரத்துக்கால் எந்தச் சர்வே எண்களில் ஓடுகிறது, எங்கெங்கே அடைபட்டிருக்கிறது என்று அளந்து காட்டச் சொல்லிப் புதிய மனு எழுதுங்கள். தெருக்காரர்கள் அத்தனை பேரும் கையெழுத்திடுங்கள். ஐப்பசிக்கு முன்பே கொடுத்துவிடுங்கள்.