நாற்றுப் பையில் தோல்போல் படரும் பச்சை: சுரண்டினால் மட்டும் போகாது

கேள்வி: நிழல்வலைக் குடிலில் இருக்கும் நாற்றுப் பைகளின் மண்மேல் பச்சைத் தோல்போல் ஏதோ படர்கிறது. சுரண்டினாலும் திரும்ப வருகிறது. ஈரல் நோய்க்கு மருந்து என்றும் சொல்கிறார்கள். என்ன செய்யலாம்?

பதில்: அது பாசி அல்ல, லிவர்வோர்ட் எனப்படும், பூக்காத தட்டையான செடி வகையைச் சேர்ந்த மார்கான்ஷியா. கைலென்ஸ் வைத்துப் பாருங்கள். தோலின்மேல் குட்டிக் குட்டி வட்டக் கிண்ணங்களும், அவற்றுக்குள் பச்சை வில்லைகளும் தெரியும். பூவாளித் துளி விழுந்ததும் அந்த வில்லைகள் பக்கத்துப் பைகளுக்குத் தெறித்து முளைத்துவிடும். ஈரமாக இருக்கும்போது சுரண்டினாலும் இதேதான் நடக்கும். கிண்ணம் பிறை வடிவில் இருந்தால் அது லூனுலேரியா என்ற இன்னொரு லிவர்வோர்ட். வைத்தியம் இரண்டுக்கும் ஒன்றுதான்.

இதற்கு உண்மையான வேர் கிடையாது. மயிர்போன்ற வேரிகளால் மேல்மண்ணைப் பற்றிக்கொண்டு, மேலே தங்கும் ஈரத்திலும் உரத்திலும்தான் வாழ்கிறது. தடித்துவிட்டால் நீர் உள்ளே இறங்காமல் வழிந்தோடும், நாற்று வாடும். ஆகவே மேல்மண்ணைக் காயவிடுவதே முக்கியம். அடிக்கடி தெளிப்பதை விட்டு, காலையில் ஒரே தடவையாக நன்கு நனையும்படி ஊற்றுங்கள். மேல்மண் காய்ந்த பிறகே அடுத்த தண்ணீர். முடிந்தால் சொட்டுநீருக்கு மாறுங்கள். உரத்தை மேலே தூவாமல் குச்சியால் துளையிட்டு உள்ளே வைத்து மூடுங்கள்.

குடை போன்ற காம்புகள் எழும் முன்பே, சற்றுக் காய்ந்த நிலையில், ஒரு சென்டிமீட்டர் மேல்மண்ணோடு சேர்த்து எடுத்துவிடுங்கள். குடை வந்துவிட்டால் வித்துகள் காற்றில் பறக்கும். எடுத்ததை எருக்குழியில் போடக் கூடாது. பிறகு தண்டை ஒட்டாமல் 2 சென்டிமீட்டர் கனத்துக்கு நெல் உமி பரப்புங்கள். பொடித்த உமி வேண்டாம், அது ஈரத்தைப் பிடித்துக்கொள்ளும். முழு உமிதான் சீக்கிரம் உலரும். கிளைபோசேட் என்ற களைக்கொல்லி இதன்மேல் சரியாக வேலை செய்யாது, தெறித்தால் நாற்றுதான் கருகும்.

மருந்து விஷயம்: தோல் ஈரல் மடல்போல் இருப்பதால், ஈரல் நோயைத் தீர்க்கும் என்று ஐரோப்பாவில் பழங்காலத்தில் நம்பினார்கள். நம்பிக்கைக்கு அடிப்படை அந்த உருவ ஒற்றுமைதான். இதிலுள்ள மார்கான்டின் என்ற பொருள் ஆய்வகத்தில் சில நுண்ணுயிரிகளைத் தடுத்திருக்கிறது. அதை வைத்து ஈரலுக்கு மருந்து என்று சொல்ல முடியாது. பூச்சிமருந்து படிந்த நாற்றங்காலில் வளர்ந்ததை யாரும் உண்ணவே கூடாது.

குடிலுக்குத் தொலைவில், ஓடைக்கரையிலோ ஈரப் பாறையிலோ படர்ந்திருந்தால் விட்டுவிடுங்கள். காட்டுத்தீயில் கருகிய வெறும் நிலத்தில்கூட முதலில் வந்து மண்ணை மூடும் செடிகளில் இதுவும் ஒன்று.