அடைத்தலும் அடைப்பதும்

கேள்வி: சிறையில் அடைக்கப்பட்ட கடனாளிகளுக்குப் புகலிடமாகத்தான் அமெரிக்காவில் ஜார்ஜியாவை உருவாக்கினார்களாமே, உண்மையா?
– வாசகர், திண்டுக்கல்

பதில்: 'அடைக்கப்பட்ட' என்ற சொல்லைத் தாண்டி என்னால் போக முடியவில்லை. கடனை அடைக்காதவரைச் சிறையில் அடைத்தார்கள். உள்ளே இருப்பவர் எப்படிச் சம்பாதித்துக் கடனை அடைப்பார்? நம் மொழியில் ஒரே சொல் போட்டு உடைக்கிற இந்த விஷயம் லண்டனில் அத்தனை காலம் உறைக்கவில்லை.

காரணம், சிறை அங்கே ஒரு வியாபாரம். ஃப்ளீட் சிறையின் தலைமைக் காவலர் பதவியை தாமஸ் பாம்பிரிட்ஜ் 1728இல் கூட்டாளியோடு சேர்ந்து 5,000 பவுண்டுக்கு விலைக்கு வாங்கினார். போட்ட பணத்தைக் கைதிகளிடம்தான் எடுத்தார். ராபர்ட் காஸ்டல் என்ற கட்டடக் கலைஞர் கடனுக்காக உள்ளே வந்தவர். கேட்ட கட்டணத்தைத் தர முடியவில்லை. பெரியம்மை பரவியிருந்த வீட்டுக்கு அவரை மாற்றினார்கள். 'எனக்கு அம்மை வந்ததே இல்லை, பயமாக இருக்கிறது' என்று கெஞ்சியும் விடவில்லை. அங்கேயே அம்மை கண்டு இறந்தார். கொலை வழக்கில் பாம்பிரிட்ஜ் விடுதலையானார்.

இல்லாதவரிடம் இல்லாததற்காகவே வசூலிப்பதைப் பற்றி இந்தப் பக்கத்தில் பலமுறை எழுதியிருக்கிறேன். கணக்கில் குறைந்தபட்ச இருப்பு இல்லை என்று வங்கி அபராதம் பிடிப்பதைக் கண்டித்தபோது, 'வங்கி என்ன தர்ம சத்திரமா?' என்று சிலர் கடிதம் போட்டார்கள். இருக்கிற இருநூறு ரூபாயிலும் கைவைப்பது அநியாயம்தான். அவர்களுக்கு என் பதில் இன்றும் அதுவே.

சரி, ஜார்ஜியா. காஸ்டலின் நண்பர் ஜேம்ஸ் ஓகில்தோர்ப் பிரிட்டிஷ் நாடாளுமன்ற உறுப்பினர். 1729இல் சிறைகளை விசாரித்த குழுவுக்கு அவர்தான் தலைவர். விடுதலையான கடனாளிகளை அமெரிக்காவில் குடியேற்றும் யோசனை அப்போது பிறந்தது. ஆனால் 1732இல் குடியேற்றத்துக்கு அனுமதி தரும் அரசரின் சாசனம் வந்தபோது பேச்சு பொதுவாக ஏழைகளைப் பற்றியும், ஸ்பெயின்காரர்களின் ஃபுளோரிடாவுக்கு எதிரான காவலைப் பற்றியும் மாறியிருந்தது. முதல் குடியேறிகளாக 'ஆன்' கப்பலில் ஏறிய நூற்றுச் சொச்சம் பேரும் வேலை தெரிந்தவர்களாகப் பார்த்து எடுக்கப்பட்டவர்கள். சிறையிலிருந்து ஜார்ஜியாவுக்குப் போன கடனாளிகளை விரல்விட்டு எண்ணிவிடலாம். 1733 பிப்ரவரியில் கப்பலில் வந்தவர்கள் இறங்கிய சவான்னா மேடு, யமக்ரா என்ற பூர்வகுடி மக்களின் இடம். தலைவர் தொமோசிசி சம்மதித்ததால்தான் ஊரே எழுந்தது.

அடிமைகளை வைத்துக்கொள்ளக் கூடாது என்று 1735இல் போட்ட தடைதான் அந்தக் குடியேற்றத்தில் நான் மதிக்கிற விஷயம். அதை எடுக்கச் சொல்லிக் குடியேறிகள் பலர் விடாமல் மனுப் போட்டு, 1751இல் சாதித்தும்விட்டார்கள். டேரியன் என்ற ஊரின் ஸ்காட்லாந்துக்காரர்கள் 18 பேரோ, தடை இருக்கட்டும் என்று 1739இல் எதிர்மனு எழுதிக் கையெழுத்துப் போட்டார்கள். ஜார்ஜியாவைப் பற்றி மேலும் படிப்பதாக இருந்தால் அந்த மனுவிலிருந்து தொடங்குங்கள்.